பின்பக்கம் கஞ்சி ஊற்றும் கல்

ஊருக்கு ஊர் மாட்டைக் கவர்ந்து சண்டை போட்ட அந்தக் காலத்திலே, மலையடிவாரத்துச் சேங்காட்டிலே சடைச்சி என்று ஒரு தாய் இருந்தாளாம். புருஷன் இல்லை. சாமிக்கு அடுத்தபடி அவளுக்கு எல்லாமே ஒரே மகன் தீர்த்தன்தான்.

அது மழை பொய்த்த வருஷம். மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் வந்து ஊர் மாட்டையெல்லாம் ஓட்டிக்கொண்டு போனார்கள். மீட்கப் போனவர்களிலே தீர்த்தனும் ஒருவன். மாடு திரும்பி வந்தது. தீர்த்தனும் அவன் கூட்டாளி ஒருத்தனும் வரவில்லை.

காட்டிலே ஒரு உடம்பு கிடந்ததாம். நரி தின்று முகமே இல்லை. கையிலே மட்டும் ஒரு இரும்புக் காப்பு.

"பார்த்துச் சொல்லு சடைச்சி, உன் மகன்தானா?" என்று கேட்டார் ஊர்க்கவுண்டர்.

அம்மன் கோயிலிலே வேண்டிக்கொண்டு அவளே போட்டுவிட்ட காப்பு. "என் பிள்ளைதான் ஐயா" என்று விழுந்து அழுதாள்.

அப்புறம் என்ன? சண்டையிலே செத்த வீரனுக்கு நடுகல் நட வேண்டும் என்று கல் எடுத்தார்கள். வில்லும் கையுமாக உருவம் செதுக்கி, பேரை வெட்டி, கிடா பலி கொடுத்து நட்டார்கள். நட்ட அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டதாம். ஏரி நிறைந்தது. தீர்த்தன் தெய்வமாகிவிட்டான் என்று ஊரே கும்பிட்டது.

அறுப்பு முடிந்து ஒரு மத்தியானம், காலை இழுத்துக்கொண்டு ஒருத்தன் வந்து அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றான். சடைச்சி ஓடினாள்.

"அட சாமி, உயிரோடயா இருக்கே?"

"காலொடிஞ்சு ஒரு வேட்டுவர் குடிசையிலே கிடந்தேன் ஆத்தா. சாகக் கிடந்த கூட்டாளி ரொம்பப் பயந்தான், காப்பை அவன் கையிலே போட்டுவிட்டேன். இது என்ன, என்னைவிட அழகா செதுக்கியிருக்காங்க?"

அவனைத் தாங்கிப் பிடித்து வீட்டுக்கு நடந்தாள். ஊர் எல்லையிலே கவுண்டர் மறித்தார்.

"பேர் சொல்லிப் பலி கொடுத்தாச்சு. இவன் உள்ளே கால் வச்சா கல் பொய்யாயிடும். ஏரி வத்திடும்."

"தப்பாச் சொன்னவ நான் ஐயா. என்னைக் கொல்லுங்க. பிள்ளையை விடுங்க."

"கல் நட்டாச்சு. செத்தவன் செத்தவன்தான்."

யாரும் அடிக்கவில்லை. பார்க்கவே இல்லை, அதுதான் கொடுமை. கூட விளையாடினவனே அவனைத் தாண்டிப் போய்க் கல்லைக் கும்பிட்டானாம். செத்தவன் கையிலே சோறு கொடுக்கக்கூடாது, கல்லுக்குப் படைக்கலாம் என்றார்கள். செத்தவனுக்குக் கூரை எதுக்கு என்று, கல்லுக்குப் பின்னால் அவள் போட்ட பந்தலையும் பிரித்தார்கள். வேறு ஊருக்கு நடக்க அவனுக்குக் கால் இல்லை.

தினமும் அவள் கல்லுக்கு முன்னால் கஞ்சி வைப்பாள். அவன் பின்னாலிருந்து கை நீட்டி எடுப்பான்.

"வீட்டுக்கு எப்போ ஆத்தா?"

"இதோ, அம்மன் மனசு இரங்கட்டும் சாமி."

மார்கழிப் பனியிலே ஒரு காலை, கஞ்சிக்குக் கை நீளவில்லை.

கருமாதி முன்னமே செய்தாச்சு, ஒருத்தனுக்கு இரண்டு கருமாதி கிடையாது என்றுவிட்டார்கள். சடைச்சி மடியிலே கல் பொறுக்கி வந்து மகன்மேல் அடுக்கினாள். ஒவ்வொரு கல்லுக்கும், "வா சாமி, வீட்டுக்கு வா" என்றாளாம். பொழுது சாயும் நேரம் கூட விளையாடினவன் வந்து ஒரு கல் வைத்தான். அப்புறம் ஒவ்வொருத்தராக வந்தார்கள். கடைசியிலே கவுண்டரும் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். சடைச்சி நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சொல்லிட்டு வைங்க ஐயா" என்றாள்.

கவுண்டர் கல்லோடு இரண்டு எட்டுத் திரும்பி நடந்தார், மறுபடி வந்தார். கடைசியிலே சொன்னார்: "வா சாமி, வீட்டுக்கு வா."

இன்றைக்கும் சேங்காட்டிலே, வில்லோடு நிற்கிற அந்த வீரனுக்கு முன்னால் ஒரு பூவும் கிடையாது. பின்னால் போய்க் குவியல்மேல் ஒரு கல் வைத்து, கஞ்சி ஊற்றி, அதே சொல்லைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். குவியல் இப்போது கல்லைவிட உயரம். வெளியூர் போய்த் திரும்புகிறவனை, எங்கே இருந்தே என்று கேட்பதற்கு முன்னால் தண்ணீர் கொடுப்பார்கள். சொம்பைக் கீழே வைக்கமாட்டார்கள். கையிலேதான் கொடுப்பார்கள்.