மூன்றாவது ஓலை

—எழுந்து நிப்பேன் மாமா. நடுக் கோயில்ல, அத்தினி பேரும் திரும்பிப் பாக்க, எழுந்து நிப்பேன்.

—மெதுவா பேசு லினெட்டு. எதுத்த வூட்டு ஜன்னல் தொறந்திருக்கு.

—தொறக்கட்டும். ரெண்டு ஞாயித்துக்கிழமை கோயில் மைக்குல கல்யாண ஓலை வாசிச்சாச்சு. ரெட்டியார்பாளையம் அமலநாதனுக்கும் எங்கம்மா அந்தோணிமேரிக்கும் கல்யாணம்னு ஊருக்கே தெரியும். எதுத்த வூட்டுக்கு மட்டும் என்னா ரகசியம்?

—இன்னிக்கி மூணாவது ஓலை. அதையும் வாசிச்சிட்டா முடிஞ்சிது. வுவாலா.

—உங்க பிரெஞ்சு வுவாலா எல்லாம் அப்பறம். வாசிச்சி முடிச்சி, "தடை ஏதாச்சும் தெரிஞ்சவங்க சொல்லுங்க"ன்னு பாதர் சொல்லுவாரு இல்ல? அப்ப எழுந்திருப்பேன். நேத்து நைட் டியூட்டிக்கிக் கெளம்பும்போது அம்மா மூஞ்சிக்கி நேராவே சொல்லிட்டுத்தான் போனேன்.

—உங்கம்மா என்னா சொன்னா?

—டிபன் பாக்ஸக் கையில குடுத்தா. கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போயி தொறந்து பாத்தா முட்டை ரெண்டு இருக்கு. எப்பவும் ஒண்ணுதான் வெப்பா.

—ம்.

—காலையில பி.பி. மாத்திர போட்டீங்களா?

—இல்லம்மா. அவசரத்துல வந்துட்டேன். வந்து பாத்தா வூடு பூட்டியிருக்கு. ஏழு மணிலேர்ந்து நீ வர்ற வரைக்கும் வாசப்படியிலதான் உக்காந்திருந்தேன்.

—அம்மா வைத்திக்குப்பம் போயிருப்பா, மீன் வாங்க. கூடையக் காணோம். இந்தாங்க, என் பேக்குல உங்க மாத்திர ஒரு பட்டை எப்பவும் இருக்கும். போட்டுக்குங்க. போட்டுக்கிட்டு கேளுங்க. சண்டை இன்னும் முடியல.

—நர்சம்மா உத்தரவு. போட்டுட்டேன். இப்ப நான் ஒண்ணு கேக்கட்டா? எட்டரைப் பூசைக்கி இன்னும் முக்கா மணி நேரம் இருக்கு. எதனால வேணாங்கற? எனக்கு அறுவத்தாறு, அவளுக்கு அறுவது. இந்த வயசுல என்னாத்துக்குன்னா?

—வயசுல என்னா இருக்கு? அம்மா வேற யாரக் கட்டியிருந்தாலும் நானே மாலை வாங்கியாந்திருப்பேன். உங்க புள்ளய நான் கட்டினேன் மாமா. எங்கம்மாவ நீங்க கட்டிக்கிட்டா, ஜெர்ரி எனக்கு என்னா முறை?

—பாதர் சட்டம் பாத்துட்டாரு. சம்பந்திங்க கட்டிக்கலாம், தடை இல்லன்னுட்டாரு.

—பாதருக்கு லத்தீன் தெரியும். முறை தெரியுமா? அம்மாவக் கட்டுனவரு எனக்கு அப்பா. அப்பாவோட புள்ள எனக்கு அண்ணன். நாலு வருஷம் அண்ணங்கூடயா வாழ்ந்தேன்?

—அப்பிடி சொல்லாதம்மா. கேக்க முடியல.

—நானா சொல்றேன்? வார்டுல மாலா சிஸ்டர் சொன்னா. ஜோக்காத்தான். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அப்பறம் பாத்ரூமுக்குள்ள போயி பைப்பத் தொறந்து வுட்டுட்டு அழுதேன்.

—அவ கெடக்கறா.

—அவரு போயி மூணு வருஷம் ஆச்சு மாமா. அன்னிக்கி ஹெல்மெட்ட மறந்துட்டுப் போனாரு. அது இன்னும் என் கட்டிலுக்குக் கீழதான் கெடக்கு. புள்ளையும் இல்ல. ஜெர்ரி பொண்டாட்டிங்கற பேரு ஒண்ணுதான் எனக்கு மிச்சம். அதப் போயி மைக்கு வெச்சி புடுங்கிக்கறீங்களே ரெண்டு பேரும்!

—உக்காரு. உக்காருன்னு சொல்றேன்ல. ராத்திரி பூரா நின்ன காலு.

—எப்பிடி மாமா வந்துச்சு உங்களுக்கு? கல்லறையிலதான் ஆரம்பம்னு ஊரே சொல்லுது.

—ஆமா, கல்லறையிலதான். வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை வருவோம். அவ செடிக்கித் தண்ணி ஊத்துவா, நான் புல்லு புடுங்குவேன். "வாங்க சம்பந்தி", "வரேன் சம்பந்தி". ஒரு வருஷத்துக்கு அவ்ளோதான் பேச்சு. ஒரு நாளு எங்கேர்ந்தோ ஒரு ஆடு வந்துருச்சு. நான் வாங்கியாந்த ரோஜா மாலைய மென்னுக்கிட்டு நிக்குது. நான் ஆட்டப் புடிச்சி இழுக்கறேன், அவ மாலையப் புடிச்சி இழுக்கறா. ஆடு எங்க ரெண்டு பேரையும் இழுக்குது.

—இத அம்மா சொல்லவே இல்லியே!

—எப்பிடி சொல்லுவா? சிரிச்சிட்டோம் லினெட்டு. வயிறு வலிக்கிற மாரி சிரிச்சோம். அப்பறம் பாத்தா நிக்கறது அவன் தலைமாட்டுல. ரெண்டு பேருக்கும் பயம் வந்துருச்சு. அன்னிக்கி ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாக்காம வூட்டுக்குப் போனோம்.

—ஜெர்ரி இருந்திருந்தா அவருதான் மொதல்ல சிரிச்சிருப்பாரு.

—அடுத்த வெள்ளிக்கெழம உங்கம்மாவும் இதத்தான் சொன்னா. முப்பத்தஞ்சு வருஷம் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல மணி அடிச்சவன் நான். எந்த மணி எதுக்குன்னு எனக்குத் தெரியும். அவன் போனதும் வூட்டுக்குப் போற மணி அடிச்சாச்சு, எல்லாம் முடிஞ்சிதுன்னு இருந்தேன். காலையில கண்ணு முழிச்சா, என்னாத்துக்கு எழுந்திருக்கணும்னு இருக்கும். அந்த ஆட்டுக்கு அப்பறம் அப்பிடி இல்ல. உள்ள வா, இன்னும் பாடம் இருக்குன்னு அடிச்ச மாரி இருக்கு.

—நல்லா பேசுறீங்க. இப்பிடிப் பேசித்தான் அம்மாவ தலையாட்ட வெச்சிருப்பீங்க. அவளுக்கு இதுல என்னா ஆசை இருக்கப் போவுது? அப்பா சாவும்போது எனக்கு ஏழு வயசு. அன்னிலேர்ந்து எனக்கு இது வேணும்னு அவ வாயால சொல்லி நான் கேட்டதே இல்ல.

—சமையக்கட்டுல ஏணி நிக்கிதே, பாத்தியா?

—ஒரு வாரமா நிக்கிது. பரண் மேலேர்ந்து அண்டா எறக்கணும்னா.

—அண்டாவும் இல்ல, குண்டானும் இல்ல. அதுல அவ ஏறிப் பழகறா.

—ஏணியிலயா? என்னாத்துக்கு?

—ரயிலுக்கு. கல்யாணத்துக்கு மறுவாரம் கன்னியாகுமரிக்கி ரெண்டு டிக்கெட்டு போட்டேன். வயசானவங்கன்னு ரெண்டும் கீழ் பெர்த்தா குடுத்துட்டான். உங்கம்மா மூஞ்சி தொங்கிப் போச்சு. அவளுக்கு மேல் பெர்த்துதான் வேணுமாம்.

—எங்கம்மாவுக்கா?

—உங்கம்மாவுக்குத்தான். சின்னப் பொண்ணா இருக்கும்போது விழுப்புரம் ஸ்டேஷன்ல ஒரு ரயில் நின்னுச்சாம். ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா, மேல ஒரு பொம்பள கால நீட்டிப் படுத்துக்கிட்டு வாழப்பழம் துன்னுக்கிட்டு இருந்தாளாம். யாரு கூப்புட்டாலும் எறங்க மாட்டேங்கற மாரி. அத மாரி தானும் ஒரு தரம் போவணும்னு நாப்பத்தஞ்சு வருஷமா மனசுல வெச்சிருக்கா. போயி டிக்கெட்ட மாத்திக்கிட்டு வந்தேன். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு.

—எங்கிட்ட சொல்லியிருந்தா நான் கூட்டிக்கிட்டுப் போயிருப்பேனே.

—லீவு போட்டுட்டுப் போயிருப்ப. அதனாலதான் சொல்லல.

—அப்ப முட்டியில கன்னிப் போயிருந்துச்சே, செவுத்துல இடிச்சிக்கிட்டேன்னாளே…

—மூணாவது படியில சறுக்கிட்டா. நேத்து மத்தியானம் நாலாவது படி ஏறிட்டா. ஒடனே போன் பண்றா, பரிச்சையில பாஸான புள்ள மாரி. "வாழப்பழம் மறக்காம வாங்கிடுங்க"ங்கறா.

—மாமா, போதும்.

—ஏம்மா அழற?

—அழல. நைட் டியூட்டி, கண்ணு எரியுது.

—ஜெர்ரி கல்லுல என்னா வெட்டியிருக்கு, சொல்லு.

—எனக்குத் தெரியாதா? பேரு, தேதி. கீழ "லினெட்டின் கணவர்".

—ஒரு வரிக்கித்தான் எடம் இருக்கு, "அமலநாதன் மகன்"னு வெட்டட்டுமா பெரியவரேன்னு கேட்டான் கல்லு வெட்டறவன். அவன் மனசுல, பெத்தவன் வந்து நிக்கறானேன்னு. எம் பேரு வேணாம்பா, எம் மருமவ பேர வெட்டுன்னேன். அது கல்லு லினெட்டு. கல்லுல இருக்கறத ஓலை வாசிச்சா அழிக்க முடியும்?

—இத்தினி நாளா இத நீங்க சொல்லவே இல்ல.

—நீ எங்க கேட்ட?

—அப்ப நான் உங்கள என்னான்னு கூப்புடறது?

—மாமான்னே கூப்புடு. நான் மொதல்ல ஜெர்ரிக்கி அப்பன். மத்ததெல்லாம் அப்பறம். என்னா கூப்புடறதுன்னு உங்கம்மாவே முழிக்கிறா. மொதல் ஓலை வாசிச்ச அன்னியோட "சம்பந்தி"ய வுட்டுட்டா. "ஏங்க"ன்னு ஆரம்பிப்பா, வெக்கம் வந்துரும், "இந்தாங்க"ன்னு முடிச்சிடுவா.

—மணி என்னா மாமா?

—எட்டாவப் போவுது.

—எழுந்திருங்க. இந்தச் சட்டையோடயா கோயிலுக்கு வர்றீங்க? மாப்பிள்ளைக்கி அழகேயில்ல.

—பையில கஞ்சி போட்ட வெள்ளச் சட்டை இருக்கு. லினெட்டு, அப்ப நீ…

—நானும் வர்றேன். உக்காந்தே இருப்பேன். கல்யாணத்தன்னிக்கி சாட்சிக் கையெழுத்தும் நான்தான் போடுவேன், வேற யாரையும் வுட மாட்டேன். மாலா சிஸ்டருக்கு மொதல் பந்தியில எல போட்டுடலாம். துன்னுட்டு சிரிக்கட்டும்.

—தாயே!

—அழுதீங்கன்னா பி.பி. ஏறும். பிரஷர் பாக்கற மெஷின் ஆஸ்பத்திரில இருக்கு. அம்மா இனிமே ஏணி ஏறும்போது ஒருத்தர் புடிச்சிக்கணும். நான் டியூட்டிக்கிப் போறதுக்கு முன்னாடி ஏறச் சொல்லுங்க.

—நீயே சொல்லு. கேட்டு தொறக்கற சத்தம் கேக்குது பாரு. வுவாலா, வந்துட்டா.

—அம்மா! கூடைய வெச்சிட்டு நேரா உள்ள போ. மயில்கழுத்துக் கலர் பொடவை இருக்கே, அதக் கட்டு. எட்டரைப் பூசைக்கி மூணு பேரும் ஒண்ணா போறோம்.

—வாங்க சம்பந்தி. எப்ப வந்தீங்க? ஏண்டி, அவருக்குக் காப்பித்தண்ணி குடுத்தியா?

—அந்தோணி, இப்ப என்னான்னு கூப்புட்ட?

—சம்பந்தின்னுதான். எப்பவும் கூப்புடறதுதானே.

—அம்மா, நான் சொல்றதக் கேளேன். எனக்கு சம்மதம்மா. மனசார சொல்றேன். ரயிலு, வாழப்பழம் எல்லாம் மாமா சொல்லிட்டாரு. என்னாம்மா, கூடையில ஒண்ணுமே இல்ல? மீன் கெடைக்கலியா?

—மீனுக்குப் போவலடி. கூடையோட போனா எங்க போறன்னு யாரும் கேக்க மாட்டாங்கன்னு எடுத்துக்கிட்டேன். கோயிலுக்குப் போயிட்டு வர்றேன், ஆறு மணிப் பூசைக்கி. முடிஞ்சும் எழுந்து வர முடியாம அங்கயே உக்காந்திருந்தேன்.

—ஓலை எட்டரைப் பூசையிலதானே வாசிப்பாங்க?

—நேத்து நீ டியூட்டிக்கிப் போனதும் சாமியாரப் போயி பாத்தேன். மூணாவது ஓலைய மொதல் பூசையிலயே வாசிச்சிடுங்க சாமி, அதுல கூட்டம் கம்மின்னு கேட்டுக்கிட்டேன். வாசிச்சிட்டாரு.

—அப்ப நல்லதாப் போச்சு! மூணு ஓலையும் முடிஞ்சிது. நான்தான் எழுந்து நிக்கலியே. அப்பறம் என்னாம்மா?

—உம் மனசு நோவ எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்டி. ஆனா நீ எழுந்து நின்னு தடுத்திருந்தா, தாயையே எதுத்தவளாம்னு காலம் பூரா உன்னய பேசுவாங்கடி. அது வேணாம், எம் பேரே கெடட்டும்னு நெனச்சேன். "தடை ஏதாச்சும் தெரிஞ்சவங்க சொல்லுங்க"ன்னாரு சாமி. நான் எழுந்து நின்னுட்டேன்.