இளவேனிலின் மேற்படிப்பும் ஷங்கரின் முதல் சாவும்

என் பெயர் வள்ளியம்மா. வயது அறுபத்தெட்டு. காலஞ்சென்ற கிருஷ்ணப்பாவின் மனைவி. பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறேன். மூன்றாவது வரை படித்தேன், எழுத்து மறந்துவிட்டது. கன்னடம் பேச வரும், படிக்க வராது. ஆகையால் நான் சொல்லச் சொல்ல இந்த ஸ்டேஷனில் தமிழ் தெரிந்த ஏட்டு எழுதிக்கொள்கிறார்.

2003ஆம் வருடம் ஏப்ரல் மாதம் அறக்கட்டளைக்காரர்கள் விசாரிக்க வந்த அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மருமகள் வனஜா, கார்ப்பரேஷன் ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் கோவிந்தப்பா, அறக்கட்டளையிலிருந்து வந்த ஜூலியா அம்மா, பாதியில் வந்து சேர்ந்த என் பேத்தி டாக்டர் இளவேனில். சுவருக்கு அந்தப் பக்கம் எல்லம்மா வீட்டில் என் மகன் ஷங்கர் ஒளிந்திருந்தான். அவனும் இருந்ததாகவே எழுதவும்.

இளவேனில் அரசாங்கக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்தவள். அதன் பிறகு குழந்தை மருத்துவம் மேற்படிப்புக்கு ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தது. அந்தக் கட்டணம் பொம்மசந்திராவில் பட்டறை வேலை பார்க்கும் என் மகனால் ஆகிற காரியம் இல்லை. வங்கிக்குப் போனோம், சொத்து ஜாமீன் கேட்டார்கள். சர்க்கார் உதவித்தொகைக்குச் சாதிச் சான்று வேண்டும் என்றார்கள். இங்கே கேட்டால், தகப்பன் பிறந்தது தமிழ்நாடு, அங்கே போய்க் கேள் என்றார்கள். வேலூருக்குப் போய்க் கேட்டால், பெண் பிறந்து படித்தது கர்நாடகம், அங்கேயே கேள் என்றார்கள். கல்லூரி மாதாமாதம் ஏதோ தருமாம், அதுவும் கட்டணம் கட்டிச் சேர்ந்த பிறகுதானாம்.

அதன் பிறகுதான் கோவிந்தப்பா வந்தார். கண்டோன்மென்ட் பக்கம் ஒரு அறக்கட்டளை டாக்டர் மேற்படிப்புக்கு முழுக் கட்டணமும் கட்டுகிறது, ஆனால் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்றார். இப்படிச் சொல்லிவிட்டு ஷங்கரை ஏற இறங்கப் பார்த்தார். நான் கொடுத்த காபியில் சர்க்கரை போதவில்லை என்றும் சொன்னார். அதையும் எழுதிக்கொள்ளவும்.

ஷங்கர் செத்துவிட்டதாகச் சான்று வாங்கி வந்தது கோவிந்தப்பா. வாங்கச் சொல்லிக் காசு கொடுத்தது ஷங்கர். மனுவில் இளவேனில் கையெழுத்துப் போட்டது உண்மை. ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்பிய அவசரத்தில், ஏழைப் பிள்ளைகளுக்கான உதவி என்று அவள் அப்பன் சொன்னதை நம்பி, செருப்பைப் போட்டுக்கொண்டே போட்டாள். நான் பக்கத்தில் நின்றேன்.

விசாரிக்க வருகிற அன்று காலையில் ஷங்கர் தன் போட்டோவைத் தானே துடைத்துச் சுவரில் மாட்டினான். மாலையும் அவனே வாங்கி வந்தான். "பூக்காரம்மா யாருக்குன்னு கேட்டா. நம்ம ஆளுதான், கொஞ்சம் நெருக்கிக் கட்டுன்னேன்" என்று சிரித்தான். "வாயைக் கழுவுடா பாவி" என்றேன். "எம்மா, நான் ஒரு அரைமணி நேரம் செத்தா புள்ள மூணு வருஷம் படிக்கும். விட்டுக்குடும்மா" என்றான். வனஜா தாலியைக் கழற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பொட்டை மட்டும் அழித்துக்கொண்டு, முந்தானையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். அதன் பிறகு அவன் எல்லம்மா வீட்டுக்குப் போய்விட்டான்.

ஜூலியா அம்மா நல்ல மாதிரி. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து கீழேயே உட்கார்ந்தார். எப்படி இறந்தார் என்று கேட்டதற்குக் கோவிந்தப்பா முந்திக்கொண்டு மஞ்சள் காமாலை என்றார். அதன் பிறகு ஜூலியா அம்மா என் கையைப் பிடித்து, "உங்க பையன் எப்படிம்மா, நல்லா பாத்துக்கிட்டாரா?" என்று கேட்டார். பதில் சொல்லப் போட்டோவைப் பார்த்தேன். பெற்றவள் பார்க்கக் கூடாததைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, நிறுத்த முடியவில்லை. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஷங்கர் இருமினான். அவனுடைய இருமல் எனக்குத் தெரியும்.

அந்த நேரத்தில்தான் இளவேனில் வந்தாள். வாசலில் நின்று மாலையைப் பார்த்தாள். "பாட்டி, அப்பாவுக்கு..." என்று ஆரம்பித்தவளை வனஜா எழுந்து போய்க் கட்டிக்கொண்டு, முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். ஜூலியா அம்மா இரண்டு பேர் தலையையும் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று இரவு இளவேனில் சாப்பிடவில்லை. "இந்தப் படிப்பு வேணாம்ப்பா" என்றாள். "கொடுத்தாச்சு, இனி சொன்னா நான் ஜெயிலுக்குப் போகணும். போகட்டுமா?" என்று ஷங்கர் கேட்டான். அவள் வாயை அடைத்தது அந்த ஒரு வார்த்தைதான். கல்லூரியில் சேர்ந்தாள்.

ஜூலை மாதத்தில் பட்டறையில் கிரேன் சங்கிலி அறுந்து இரும்புத் தகடு விழுந்து என் மகன் இறந்துபோனான். கொள்ளி வைக்க மகன் இல்லாததால் இளவேனிலே வைத்தாள். அதன் பிறகு இறப்பைப் பதியப் போனோம். கார்ப்பரேஷன் ஆபீஸில் இருந்தவர் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதே பெயர், இதே தகப்பன் பெயர், இதே விலாசம், இவர் முன்னமே செத்துப்போய்விட்டாரே என்று கன்னடத்தில் சொன்னார். பக்கத்தில் இருந்தவர், ஒரு ஆள் எத்தனை தடவை சாவான் என்று கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள்.

சும்மா திரும்பி வந்திருக்கலாம். வனஜா வா வா என்று கையைப் பிடித்து இழுத்தாள். இளவேனில் வரவில்லை. "மஞ்சள் காமாலைல சாகல, எங்கப்பா வேலை செஞ்சு செத்தாரு. அப்படித்தான் எழுதணும்" என்றாள். முதல் சான்று பொய், அதைச் செய்தது நான்தான், வேறு யாருக்கும் தெரியாது என்று அங்கேயே எழுதிக் கொடுத்தாள். அந்தக் காகிதத்தை வைத்துத்தான் நீங்கள் அவளைக் கூட்டி வந்திருக்கிறீர்கள். கல்லூரியிலும் நிறுத்திவிட்டார்கள். டாக்டர் பதிவும் போகும் என்கிறார்கள்.

அவள் எழுதிக் கொடுத்தது பொய். செத்த அப்பனையும் உயிரோடிருக்கிற அம்மாவையும் காப்பாற்றச் சொன்ன பொய். திட்டம் போட்டது, காசு கொடுத்தது, மகளை மிரட்டி வாயை அடைத்தது எல்லாம் என் மகன் ஷங்கர். இறந்தவன் மேல் பழி போடுகிறீர்களா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஆமாம், செய்தவன் மேல்தான் போடுகிறேன். கோவிந்தப்பா கூட்டு.

ஏட்டு இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் கண்டதும் கேட்டதும்தான் இதில் இருக்கிறது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை.

இடது கைப் பெருவிரல் ரேகை
வள்ளியம்மா

ரேகை வைத்த பின் சேர்த்துச் சொன்னது: கோவிந்தப்பா நாசமாய்ப் போவார், அவரைப் பற்றி நான் கவலைப்படவில்லை. ஜூலியா அம்மா காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன். சிரித்தவர்களையும் விட்டுவிடுகிறேன். ஒருத்தனை மட்டும் மன்னிக்க மாட்டேன். பெற்றவள் வாயாலேயே மகனைக் குற்றவாளி என்று சொல்லித்தான் பேத்தியை மீட்க வேண்டும் என்ற நிலையில் என்னை நிறுத்திவிட்டுப் போனான். கேட்டால் பதில் சொல்லவும் இல்லாமல் போனான். அவன் பெயர் ஷங்கர்.