ஆளுக்குப் பாதி இத்தாலி

அப்பா: அப்போ எட்டாந்தேதி பதினோரு மணிக்கு நான் சாஞ்ச கோபுரத்துக்கிட்ட நிக்கணும்.

அம்மா: கோபுரத்துக்கிட்ட இல்லங்க. ரயில்வே ஸ்டேஷன்ல.

அப்பா: நேத்து போன்ல கோபுரம்னுதானே சொன்னே?

அம்மா: அது நேத்து. கோபுரத்துக்கிட்ட ஒரே கூட்டமா இருக்கும். உங்களத் தேடவே அரை நாள் போயிடும்.

அப்பா: இவ்ளோ ஒசரமா இருக்கேன், என்னத் தேடணுமா?

அம்மா: அங்க எல்லாரும் ஒசரம்தான். சும்மா இருங்க, சார்ட்டப் பாருங்க. பச்சை என் நாளு. சிவப்பு உங்க நாளு. ஒண்ணாந்தேதியிலேர்ந்து எட்டாந்தேதி பதினோரு மணி வரைக்கும் பச்சை. அப்புறம் பதினஞ்சு வரைக்கும் சிவப்பு.

அப்பா: நடுவுல வெள்ளையா இருக்கே, அது?

அம்மா: அது... கை மாத்துற நேரம். பத்து நிமிஷம்.

அப்பா: பத்து நிமிஷத்துல ரெண்டு புள்ளைங்க, ஒரு தள்ளுவண்டி, ஒரு பெட்டி... அடேங்கப்பா! ரத்த சாம்பிள் அனுப்புற மாதிரி லேபிள் ஒட்டி அனுப்பிடுவே போல.

அம்மா: லேப்ல வேலை பாக்குறவ லேபிள்தான் ஒட்டுவா. ஒட்டியாச்சு. அந்தப் பையத் தொறந்து பாருங்க.

அப்பா: "காய்ச்சல். மூன்று வயது. ஐந்து மில்லி." "கார் வாந்தி. ஆறு வயது. கிளம்ப அரை மணி முன்னால்." ஏன், என் புள்ளைங்க வயசு எனக்குத் தெரியாதா?

அம்மா: வயசு தெரியும். எத்தனை மில்லின்னு தெரியுமா?

அப்பா: அஞ்சு!

அம்மா: இப்பத்தானே படிச்சீங்க.

அப்பா: ...இந்த 'ங்க'வ விடவே மாட்டியா? பதினாலு மாசம் ஆச்சு. டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருக்கவன்கிட்ட பேசுற மாதிரியே பேசுறே.

அம்மா: தனித்தனியாப் போனப்புறம் மரியாதையா இருந்துக்கலாம்னு நீங்கதான் சொன்னீங்க.

அப்பா: சண்டை வேண்டாம்னு சொன்னேன்.

அம்மா: இப்ப சண்டையா போடுறோம்?

அப்பா: இல்ல. இது என்னன்னே எனக்குப் புரியல. சரி, ஒண்ணு சொல்லு. எதுக்கு இந்த ரிலே ரேஸ்? யாராவது ஒருத்தர் கூட்டிட்டுப் போனா போதாதா?

அம்மா: யாரு? நான் இத்தாலின்னு பெரியவளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். நீங்களும் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம இத்தாலின்னு சொல்லிட்டீங்க. வேற ஊரே கிடைக்கலியா உங்களுக்கு?

அப்பா: நீ சொன்னது எனக்கு எப்படித் தெரியும்? கோபுரத்தத் தள்ளுற மாதிரி நிக்கிற படத்தக் காட்டி ஆசையாக் கேட்டா. சரின்னுட்டேன்.

அம்மா: என்கிட்டயும் அதே படத்தத்தான் காட்டினா. ஸ்கூல்ல போய் ரெண்டு தடவை இத்தாலி போறேன்னு சொல்லியிருக்கா. டீச்சர் என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரிச்சாங்க.

அப்பா: சரி விடு. உனக்கு லீவு ஒரு வாரம்தானா?

அம்மா: ஆமா. ஒரு வாரம்தான். உங்களுக்கும்...

அப்பா: ஒரு வாரம்தான். அதுக்கு மேல டிரைவிங் ஸ்கூல்ல குடுக்க மாட்டாங்க. சரி, என் வாரத்துக்கு ஹோட்டல் எது?

அம்மா: அத நான் பாத்துக்கிறேன்.

அப்பா: பேராவது சொல்லேன்.

அம்மா: பாத்துக்கிறேன்னு சொல்றேன்ல!

மகள்: அம்மா...

அம்மா: ஏண்டி கத்துறே? தம்பி இப்பத்தான் கண்ணசந்தான்.

மகள்: நான் கத்தல. நீதான் கத்தினே. அம்மா, நான் என்ன கலரு?

அம்மா: என்ன கலருன்னா?

மகள்: நீ பச்சை. அப்பா சிவப்பு. நானும் தம்பியும்?

அம்மா: நீங்க... ரெண்டுலயும் வருவீங்கடி செல்லம்.

மகள்: அப்ப நாங்க மட்டும் முழுசா இருப்போம். நீங்க பாதிப் பாதியா?

அப்பா: கரெக்டு. மொதப் பாதி அம்மா. அடுத்த பாதி அப்பா.

மகள்: கோபுரத்த யாரு பாதியில தள்ளுறது?

அம்மா: அது வந்து... சொல்லுங்களேன்.

அப்பா: என்னைக் கேட்டா? சார்ட்டு போட்டது நீ.

மகள்: அப்பா அந்தப் பக்கம் தள்ளணும். அம்மா இந்தப் பக்கம் தாங்கிப் பிடிக்கணும். நாங்க நடுவுல நிப்போம். இல்லன்னா எங்க மேல விழுந்துடும்.

அப்பா: எல்லாரும் உள்ள நின்னா போட்டோ யாரு எடுக்கிறது?

மகள்: வழியில போறவங்க யாராவது. அதுக்கெல்லாமா அழுவாங்க?

அம்மா: சரி சரி, பாத்துக்கலாம். நீ போய்ப் படம் வரை.

மகள்: வீடு மாத்துறப்பவும் பாத்துக்கலாம்னுதான் சொன்னே. அப்பா பின்னாடியே பெட்டி எடுத்துட்டு வருவாருன்னு.

அம்மா: ...போடி கண்ணு. உள்ள போ.

அப்பா: போயிட்டாளா?

அம்மா: போயிட்டா.

அப்பா: நீ அப்படியா சொன்னே? பின்னாடியே வருவேன்னு?

அம்மா: வேற என்ன சொல்லச் சொல்றீங்க? அஞ்சு வயசுப் புள்ள ஜன்னல்லயே நிக்கிறா. வாயில வந்தது சொன்னேன்.

அப்பா: அவ இன்னும் நம்பிட்டு இருக்கா.

அம்மா: தெரியும். அதனாலதான் சொல்றேன், ஸ்டேஷன்ல கை மாத்துறப்ப பத்து நிமிஷத்துக்கு மேல நிக்கக் கூடாது. நின்னா அவ சேந்து போறோம்னு நெனச்சுக்குவா. அப்புறம் நான் ரயில் ஏறுறப்ப அழுவா. என்னால அத இன்னொரு தடவை பாக்க முடியாது.

அப்பா: என்னால மட்டும் முடியுமா?... சரி. ஸ்டேஷன்லயே கார் எடுத்துக்கிறேன்.

அம்மா: காரா? எதுக்குக் கார்? உனக்கென்ன பைத்தியமா? அவளுக்குக் கார்ல ஏறினா வாந்தி வரும்னு லேபிளே ஒட்டியிருக்கேன்!

அப்பா: பதினோரு வருஷமா ஊருக்கே ஓட்டக் கத்துக் குடுக்கிறேன்...

அம்மா: ஓட்டத் தெரியும் உனக்கு. வழி தெரியாது. யாரையும் கேக்கவும் மாட்டே. அதே சந்துல மூணு தடவை சுத்துவே. ரெண்டு புள்ளைங்களும் பின்னாடி அழும்!

அப்பா: இப்ப 'நீ'ன்னு சொன்னே.

அம்மா: திட்டுறப்ப அப்படித்தான் வரும்.

அப்பா: அப்ப திட்டிட்டே இரு.

அம்மா: சிரிப்பு வேறயா? எனக்கு மொத வாரத்த நெனச்சாலே பக்குங்குது. சின்னவன் தூங்கணும்னா பிடிச்சுக்க ஒரு காது வேணும்.

அப்பா: இன்னுமா? அந்தப் பழக்கம் விட்டுப் போச்சுன்னு நெனச்சேன். உன் காதக் குடு.

அம்மா: கம்மல் குத்துதாம்.

அப்பா: கழட்டிடு.

அம்மா: கழட்டியாச்சு. தடவிப் பாத்துட்டு, "அப்பாது இல்ல"ங்கிறான்.

அப்பா: ...எத்தனை நாளா?

அம்மா: எத்தனை மாசமான்னு கேளுங்க.

அப்பா: என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

அம்மா: சொன்னா? தினம் வந்து காதக் குடுத்துட்டுப் போவீங்களா?... விடுங்க. இந்தத் தாள்ல கையெழுத்துப் போடுங்க.

அப்பா: இது என்ன?

அம்மா: சம்மதக் கடிதம். ஒருத்தர் மட்டும் புள்ளைங்களோட வெளிநாடு போனா, இன்னொருத்தர் சரின்னு எழுதிக் குடுக்கணும். போறப்ப நான் கூட்டிட்டுப் போறேன், நீங்க சம்மதம். வர்றப்ப நீங்க கூட்டிட்டு வர்றீங்க, நான் சம்மதம்.

அப்பா: அப்ப நடுவுல அந்தப் பத்து நிமிஷம்?

அம்மா: என்ன?

அப்பா: ரெண்டு பேரும் நிக்கிறோம்ல. யாரு யாருக்கு சம்மதம்?

அம்மா: கொழப்பாதீங்க! ஏற்கெனவே தலை சுத்துது. உங்க ப்ளைட் நம்பர் சொல்லுங்க, எழுதணும்.

அப்பா: அது... போன்ல இருக்கு.

அம்மா: எடுங்க.

அப்பா: சார்ஜ் இல்ல.

அம்மா: இப்பத்தானே அடிச்சுது?

அப்பா: அதோட போயிடுச்சு.

அம்மா: குடுங்க இங்க... எழுபது பர்சென்ட் இருக்கு. தொறந்து குடுங்க.

அப்பா: வீட்டுக்குப் போய் அனுப்புறேனே...

அம்மா: டிக்கெட்டே போடலியா? ஐயோ, எட்டாந்தேதி நீங்க வரலன்னா நான் என்ன பண்ணுவேன்? அவகிட்ட என்னத்தச் சொல்லுவேன்?

அப்பா: போட்டாச்சு, போட்டாச்சு. இந்தா.

அம்மா: ஒண்ணாந்தேதின்னு போட்டிருக்கு.

அப்பா: அப்படியா?

அம்மா: காலைல ஆறு இருபது. இது எங்க ப்ளைட்டு.

அப்பா: ...தப்பா அமுக்கியிருப்பேன்.

அம்மா: நம்பரு, நேரம், எல்லாமே தப்பா அமுக்கினீங்களா? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

அப்பா: சொல்லிடுறேன். எனக்கு லீவு ரெண்டு வாரம். பொய் சொன்னேன். டிக்கெட்டு போன மாசமே போட்டுட்டேன். நீங்க பன்னண்டாவது வரிசைன்னு சொன்னே. நான் இருபத்தேழு. தொப்பிய இறக்கி விட்டுட்டுத் தூங்குற மாதிரி உக்காந்துக்கலாம்னு...

அம்மா: எதுக்கு?

அப்பா: புள்ளைங்க மொத மொதல்ல ப்ளைட் ஏறுதுங்க. மேகத்தப் பாத்து என்ன சொல்லும்னு... அதையும் நீ போன்ல சொல்லித்தான் நான் கேக்கணுமா? பதினாலு மாசமா எல்லாத்தையும் போன்லதான் கேக்குறேன். பல்லு விழுந்தது, சைக்கிள் ஓட்டினது, எல்லாம். இதையாவது கண்ணால பாக்கணும்னு இருந்துச்சு.

அம்மா: எறங்கினப்புறம்?

அப்பா: அதுக்கு மேல யோசிக்கல. எட்டாந்தேதி வரைக்கும் எங்கயாவது சுத்திட்டு இருந்துட்டு, ஸ்டேஷனுக்கு வந்துடலாம்னு நெனச்சேன். கோவம் வந்தா திட்டிடு. மாத்தச் சொன்னா இப்பவே மாத்திடுறேன். மாத்தட்டுமா?

அம்மா: வேண்டாம்.

அப்பா: வேண்டாம்னா... எது வேண்டாம்? நான் வர்றதா, மாத்துறதா?

அம்மா: மாத்துறது.

அப்பா: அப்ப இந்தப் பச்சை, சிவப்பு எல்லாம்?

அம்மா: கேள்வி கேக்காதே. நாம சேந்துட்டோம்னு நெனச்சுக்காதே. எனக்கு ஒண்ணும் தெரியல.

அப்பா: நான் ஒண்ணும் நெனச்சுக்கல. நீ ஏன் அழுறே? அதச் சொல்லு மொதல்ல.

அம்மா: எனக்கும் லீவு ரெண்டு வாரம்தான். ஹோட்டல்ல எத்தனை பேரு, எத்தனை நாளுன்னு கேட்டாங்க. நாலு பேரு, பதினஞ்சாந்தேதி வரைக்கும்னு சொல்லிட்டேன்.