மஞ்சள் துணியில் முடிந்த பன்னிரண்டு சொற்கள்

சுகந்தி, வயது 47, கணவர் பெயர் ஆறுமுகநயினார், பிள்ளையார் கோவில் தெரு, மேலகரம், தென்காசி. இல்லத்தரசி. இன்று நானாகவே நிலையத்திற்கு வந்து சொல்வது:

என் கணவர் ஷார்ஜாவில் ஓர் அரபி வீட்டில் பத்தொன்பது வருடம் டிரைவராக இருந்தார். அந்த அரபி முதலில் கிரிப்டோ காயின் சூதாட்டம், ஹராம் என்று ஒதுங்கியிருந்தார். பிறகு பள்ளிவாசல் பெரியவர் ஒருவர் தவறில்லை என்று சொன்னதாலும், மச்சினர் வாங்கி லாபத்தைப் போனில் காட்டியதாலும் தானும் வாங்கினார். அதைப் பார்த்து என் கணவர், "ஏட்டி, அரபி சாமிகிட்ட கேக்காம பத்து பைசா போடமாட்டான். அவனே போடுதான்" என்று போனில் சொன்னார். வட்டி வாங்கிச் சேர்க்கும் பாவக்காசு இல்லையே என்று நானும் சம்மதித்தேன். அவருடைய சர்வீஸ் பணம் பதினான்கு லட்சமும் காயினாக மாறியது. வேறு சேமிப்பு எங்களுக்கு இல்லை.

கடந்த ஆனியில் அவர் ஊர் திரும்பினார். அதன்பிறகு, போன் தொலைந்தாலும் பணத்தை எடுக்க உதவும் பன்னிரண்டு இங்கிலீஷ் சொற்களை அவர் வாசிக்க, நான் தாளில் எழுதினேன். நேர்ச்சைக்காசு முடிச்சை யாரும் அவிழ்க்க மாட்டார்கள் என்று அந்தத் தாளை மஞ்சள் துணியில் முடிந்து பூசை அறையில் வைத்தேன். வெறுந்தாளை முடியக்கூடாது என்று ஒரு ரூபாயும் வைத்தேன். பக்கத்தில் அதேபோல் மஞ்சள் துணியில் சாஸ்தாவுக்கு நேர்ந்த நூற்றியொரு ரூபாய் முடிச்சும் இருந்தது.

ஆவணியில் ஐந்தருவியில் குளிக்கும்போது போன் தண்ணீரோடு போய்விட்டது. அதன்பிறகு தாளைத் தேட, ஒரு முடிச்சுதான் இருந்தது; அதை சாஸ்தாவின் நேர்ச்சைக்காசு என்று அவிழ்க்கவில்லை, தாள் முடிச்சைக் காணோம் என்றே நினைத்தோம். ஊர் வந்தபின் காயினை மாற்றப் போனில் அந்தக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்த செல்போன் கடை முத்துராஜ் மீது என் கணவர் புகார் கொடுத்தார். நேற்று முத்துராஜை இங்கே கூட்டி வந்தார்கள். அவர் மனைவி நாச்சியார் என் வாசலில் நின்று, "அக்கா, ஒங்க பூசை ரூமுக்குள்ள எங்க வீட்டுக்காரரு என்னிக்கு வந்தாரு? நீங்க எங்கள நடையோடதான நிப்பாட்டுவிய" என்றாள்.

அதன்பிறகு வீட்டுச் செலவுக் கணக்கு நோட்டைப் பார்த்தேன். ஆடி கடைசிச் சனிக்கிழமை, சாஸ்தா உண்டியல், ரூ.101 என்று என் கையெழுத்தில் இருந்தது; போட்டதை மறந்திருந்தேன். பூசை அறையில் மீதியிருந்த முடிச்சை அவிழ்த்தேன். நூறு ரூபாய்த் தாளும் ஒரு ரூபாயும் இருந்தன.

உடனே கடையம் பக்கத்திலுள்ள எங்கள் சாஸ்தா கோவிலுக்குப் போனேன். உண்டியலில் விழுந்த தாளைக் கேட்டதற்குப் பூசாரி, "சாமிக்கு எழுதினத மனுசன் வாசிக்கக்கூடாதும்மா. பிரிக்காம ஆத்துல விட்டாச்சு" என்றார். அந்தச் சொற்களில் அம்ப்ரெல்லா, சால்ட் இரண்டும்தான் நினைவிருக்கின்றன.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர், "ஸ்டேசன்ல போய்ச் சொல்லாத. அவன் எடுத்தான்னே இருக்கட்டும். எடுத்தவன்னா ஒருநா திருப்பித் தருவான். ஆறு தருமா?" என்றார்.

முத்துராஜ் எடுக்கவில்லை. அவரை விட்டுவிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இது நான் வாயால் சொன்னது, வாசித்துக் காட்டக் கேட்டேன், கூட்டவோ குறைக்கவோ ஏதுமில்லை.

(ஒப்பம்) ஆ. சுகந்தி