பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிலுவை

இரணியலில் ஏறிய இரண்டு பெண்கள் ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். ஒருத்தி புற்றுநோய் ஆராய்ச்சி செய்கிறவள், மற்றவள் அவளுடைய கல்லூரித் தோழி என்பது பேச்சில் தெரிந்தது.

"நான் செத்துட்டேன் மக்கா, கேட்டியா?" என்றாள் ஆராய்ச்சிக்காரி.

"பொறவு இங்க இருந்து முறுக்கு தின்னுகது யாரு?"

"விளையாட்டில்ல. புதுசா வந்த எங்க கட்டுரையில எனக்க பேருக்குப் பக்கத்துல சிலுவை போட்டிருக்காவ. எழுதினவங்கள்ல செத்தவங்களுக்குத்தான் அந்தக் குறி. கீழ, போன மாசம் இறந்ததா தேதியும் உண்டு."

"அம்மைக்குத் தெரியுமா?"

"அம்மைக்கு ஒரே சந்தோஷம். நாம சபைக்காரங்கன்னு மரியாதைக்குப் போட்டிருக்காவளாம். அந்தப் பக்கத்தக் கண்ணாடி போட்டு முன் ரூம்ல மாட்டியாச்சு."

தோழி சிரித்தாள். இவள் சிரிக்கவில்லை.

"அதுக்குப் பொறவு எனக்க பழைய கட்டுரைகளையெல்லாம் எல்லாரும் மேற்கோள் காட்டுகாவ. உயிரோட இருந்தப்போ ஒருத்தனும் சீண்டல்ல."

"ஏட்டி, யூனிவர்சிட்டி வேலைக்கு இன்டர்வியூ வருதே, அங்க இதக் கேட்டா? திருத்தச் சொன்னியா?"

"சொன்னேன். வருந்துகிறோம், திருத்திட்டோம்னு அந்தப் பத்திரிகையில இருந்து நேத்து பதில் வந்துச்சு."

"பொறவு என்ன?"

"சிலுவை அப்படியே இருக்கு. தேதியைத்தான் திருத்தியிருக்காவ."

"எந்தத் தேதிக்கு?"

ஜன்னலில் ஆரல்வாய்மொழி காற்றாலைகள் வரத் தொடங்கியிருந்தன.

"வர்ற வெள்ளிக்கிழமைக்கு."

முறுக்குப் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டுத் தோழி மெதுவாகக் கேட்டாள்.

"அன்னைக்குத்தானேட்டி உனக்கு இன்டர்வியூ?"