அறை நிறைய ஏல வாசனை

போடியிலிருந்து தேவாரம் போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் ஒரு ஏலத்தோட்டக்காரரும் அவருடைய மருமகனும் இருந்தார்கள். மருமகனுக்கு ஏலக்காயைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை.

"உங்க புது மெசினு என் காயில எண்ணெயே இல்லைனு சொல்லிருச்சாம். வாங்க வந்த ஆளு மூட்டையைத் தொடாமப் போயிட்டான் மாப்ளே" என்றார் தோட்டக்காரர்.

"மெசினு எண்ணெயை அளக்காது மாமா. காயை அரைச்சுக் குடுக்கும், அம்புட்டுத்தான்."

"போன தடவை இதே மூட்டைக்கு எண்ணெய் நல்லா வந்துச்சே?"

"அப்ப நான் உரல்ல மெதுவா இடிச்சேன். மெசினு அதைவிட நைசா அரைக்குது. பொடியைத் தொட்டா சுடும். ரூம்பே மணக்கும். ஆபீசரு நின்னு மோந்துட்டுத்தான் போவாரு."

தோட்டக்காரர் மருமகன் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"ரூம்புல மணக்குறது எது மாப்ளே?"

"உங்க ஏலக்காதான்."

"எண்ணெயை நீங்க மோந்து தீத்துட்டு, காயில இல்லைனு எழுதிட்டீக."

மருமகன் குழம்பிப்போய் ஜன்னலைப் பார்த்தார். "அப்படியும் இருக்குமோ மாமா?"

"அங்க சோலி பாக்குறது நீயா, நானா? நாளைக்கு வேற காய் கொண்டாறேன். உரல்லயே இடி."

"உரலை வாட்ச்மேன் வீட்டுக்குக் குடுத்தாச்சு. மல்லி, சீரகமெல்லாம் அதுலதான் இடிக்கிறாக. அந்த எண்ணெயும்ல சேந்துக்கிரும்?"

"சேரட்டும். கொஞ்சம் கூட வந்தா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."