அச்சில் வராத அடுக்கு

– டாக்டர், நான் அனுப்பின பிடிஎஃப்பத் திறந்துடாதீங்க. அப்படியே அழிச்சிடுங்க, வேற அனுப்புறேன்.

– என் வீட்டுப் படம்தானே? போன தடவை அனுப்பினது என் போன்ல திறக்கவே மாட்டேன்னுச்சு. இப்ப திறக்காதேங்கிறீங்க. நல்லா இருக்கே இன்ஜினியர் சார்.

– இன்ஜினியர் இல்லீங்க, படம் போடுறவன். அதாவது, போன தடவை வரையிற ஃபைலயே அனுப்பிட்டேன். அது எங்க கம்ப்யூட்டர்லதான் திறக்கும். அதான் பிடிஎஃப்பா மாத்தினேன். மாத்தினதுல சின்னக் கோளாறு.

– என்ன கோளாறு? சொல்லுங்க, வலிக்காது.

– என் பல்லப் பிடுங்கினப்பவும் இதையேதான் சொன்னீங்க. அன்னைக்குப் பூரா என்னால வாயே திறக்க முடியல.

– அதுக்கு முன்னாடி மட்டும் ரொம்பத் திறந்தீங்களாக்கும். விஷயத்துக்கு வாங்க.

– அதாவது, படம் ஒரே தாள் கிடையாது. கண்ணாடித் தாள அடுக்கி வெச்ச மாதிரி. சுவர் ஒரு அடுக்கு, பைப் ஒரு அடுக்கு, ஒயர் ஒரு அடுக்கு. எனக்குன்னு ஒரு அடுக்கு. அது அச்சுல வராதபடி வெச்சிருந்தேன். இன்னைக்கு சாஃப்ட்வேர் மக்கர் பண்ணுச்சேன்னு நெட்ல ஏதோ ஒண்ணுல போட்டு மாத்தினேன். அது எல்லா அடுக்கையும் சேர்த்துக் கொட்டிடுச்சு.

– அதுல என்ன, என்னைத் திட்டி எழுதியிருக்கீங்களா? ஜன்னல அங்க வை இங்க வைன்னு உங்க உயிர எடுத்தேன்ல.

– ஐயோ, திட்டெல்லாம் இல்ல. நீங்க திறக்கலதானே?

– நான் உடனே திறக்கல. வந்த வேகத்துல மேஸ்திரிக்கு அனுப்பிட்டேன்.

– மேஸ்திரிக்கா?

– அவர்தான் போன் பண்ணினார். ‘ஏம்மா, படத்துல வாசல்ல ரெண்டு ஜோடி செருப்பு போட்டிருக்கு, ஒண்ணு ஆம்பளைச் செருப்பால்ல இருக்கு, கல்யாணம்னு ஒரு வார்த்தை சொல்லலையே’ன்னு ஒரே குறை. அப்புறம்தான் திறந்து பார்த்தேன்.

– போச்சு.

– வாஷ்பேசின்ல ரெண்டு பிரஷ். பல் டாக்டர் வீடாச்சே, கூட ஒண்ணு போட்டிருக்கீங்கன்னு நினைச்சுக்கிட்டேன். ஆனா பால்கனியில ரெண்டு நாற்காலி எதுக்கு? நான் ஒருத்திதானே குடிவரப் போறேன்?

– தப்புதான் டாக்டர், மன்னிச்சிடுங்க. உங்க வீட்டத் திரும்பத் திரும்பப் போட்டதுல நானும் அதுல இருக்கிற மாதிரி ஆயிடுச்சு. நேர்ல சொல்லத் தைரியம் வரல. யார் கண்ணுலயும் படாதுன்னு அந்த அடுக்குல வெச்சேன். உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. கோபம்னா வேலைய வேற யார்கிட்டயாவது கொடுத்துடுங்க, ஃபைல் எல்லாம் தந்துடுறேன்.

– ஜன்னல எதுக்கு அத்தனை தடவை மாத்தினேன்னு நினைக்கிறீங்க?

– காத்து வரணும்னு சொன்னீங்களே.

– காத்து எல்லாப் பக்கமும்தான் வருது. உங்க ஆபீசுக்கு வர்றதுக்கு எனக்கு ஒரு சாக்கு வேணாமா?

– டாக்டர்...

– என்னமோ தட்டுற சத்தம் கேக்குது.

– அது வந்து... அந்த அடுக்க எடுத்துட்டுப் புது பிடிஎஃப் போட்டுக்கிட்டிருந்தேன்.

– எடுக்க வேணாம். ஒரே ஒரு திருத்தம் மட்டும் பண்ணி அனுப்புங்க. அந்த ரெண்டு நாற்காலிக்கும் நடுவுல எதுக்கு அவ்வளவு இடைவெளி?